கதவோரம் ஐந்து லிட்டர்

விடியற்காலையில் டீசல் போட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். குளிரில் டீசல் சுருங்கியிருக்குமாம், அதே லிட்டருக்குள் அதிகம் அடங்குமாம். பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலையும் மதியமும் ஏறக்குறைய ஒன்றுதான். இருபத்திரண்டு வருடங்களாகக் கேட்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன். தலையாட்டிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பார்கள்.

எடை அளவு சோதனை அலுவலகத்தில் எனக்கு வேலை. கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்கின் மீட்டர் எல்லாவற்றையும் சோதிப்போம். சரியாக இருந்தால் முத்திரை வைப்போம், தவறாக இருந்தால் பூட்டி வைப்போம். எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு கருவி தவறு என்று எழுதுவதற்கு முன் மூன்று முறை அளக்க வேண்டும். முதல் தடவை பிசகினால் அது அளந்தவரின் கையாகக்கூட இருக்கலாம். மூன்றாவது தடவையும் அதே பிசகு வந்தால்தான் குற்றம் கருவியுடையது.

நீங்கள் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த அறிக்கையைப் படித்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டு விபத்துகளுக்கும் காரணம் வாகனத்தின் இயந்திரக் கோளாறு என்று எழுதியிருக்கிறது. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. தவறான அளவுள்ள தாளில் நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அதனால்தான் வேறு தாள் கேட்டேன்.

என் வீட்டுக் கதவோரத்தில் இருந்த கேனைப் பற்றியும் கேட்டீர்கள். அலுவலக முத்திரை பதித்த ஐந்து லிட்டர் அளவைக் கேன், கழுத்துவரை டீசல், மூடி இறுக்கியது. வண்டியிலிருந்து வடித்த டீசலா என்று கேட்டீர்கள். இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கணவர் பிக்கப் ஓட்டினார். சொந்த வண்டி. ஜன்னல் கண்ணாடி ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு வாரத்தில் நான்கு நாள் போவார். கண்ணாடிகளை மரச்சட்டத்தில் நிறுத்தி, இடையில் பழைய போர்வைகளைத் திணித்து, கயிற்றை அவரே முடிச்சுப் போடுவார். வேறு யாரையும் தொடவிடமாட்டார். இருபது வருடத்தில் அவர் உடைத்த கண்ணாடிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். என்னை ‘தராசு’ என்று கூப்பிடுவார். காபிக்குச் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் மேல்மட்டத்தை விரலால் தட்டிச் சமன் செய்கிறேனாம்.

மைலேஜ் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மலை ஏறும்போது தொட்டியை நிரப்பமாட்டார். “டீசலைச் சுமக்கறதுக்கே டீசல் செலவு பண்ணணுமா?” என்பார். மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அடிவாரத்துப் பங்கு வரைக்கும் போகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவார். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பங்குக்கு அறுபத்தாறு கிலோமீட்டர். எத்தனையோ வருடம் அப்படித்தான் போய்வந்தார். தன் வண்டி ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பது அவருக்குக் கால் விரலில் தெரிந்திருந்தது.

பிறகு பெட்டிக்காரர் வந்தார். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். இன்ஜினை டியூன் பண்ணும் பெட்டி விற்பவர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வைத்துத்தான் மாட்டினார். சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு ஒயர்.

“அண்ணே, இது இன்ஜினுக்குப் புது மூளை. கம்பெனிக்காரன் வச்சு அனுப்பினது கொஞ்சம் மந்தம். இது சுறுசுறுப்பு. லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும். கூடலைன்னா இதைக் கழட்டி என் மண்டையிலயே அடிங்க.”

“மண்டை தாங்குமா?” என்றார் என் கணவர்.

“உள்ள ஒண்ணும் இல்லண்ணே. சேதாரம் ஆகாது.”

இருவரும் சிரித்தார்கள். நான் காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுடுங்கண்ணே. கியர்ல போனா இன்ஜின் பிடிச்சு இழுக்கும். நியூட்ரல்ல விட்டுட்டு டிஸ்ப்ளேயைப் பாருங்க, எப்படி ஏறுதுன்னு.”

“இவர் ஏற்கெனவே அப்படித்தான் இறங்கறார்” என்றேன்.

“பாத்தீங்களா அண்ணி, அண்ணன் பிறவி மேதை.”

பெட்டி என்ன செய்யும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இன்ஜினுக்குள் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று ஒரு சென்சார் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். உள்ளே போகும் டீசல் கூடும். ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் அது ஏறாது. டிஸ்ப்ளேயில் தெரிவது அந்தக் கணக்குதான். ஆகவே வண்டிக்கு வலு கூடுகிறது, டீசல் கூடுதலாக எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் மிச்சம் என்கிறது.

அளப்பதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஓட்டி, மறுபடி விளிம்புவரை நிரப்பி, இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. நிரப்பமாட்டேன் என்கிறவர் வாரம் ஒரு நாள் மட்டும் எனக்காக நிரப்பிக்கொண்டு போவார். பெட்டி வருவதற்கு முன் அதே பாதையில், அதே சுமையில் நான் அளந்து வைத்திருந்தேன். லிட்டருக்குப் பதினொன்று புள்ளி நான்கு. பெட்டி வந்த பிறகு பதினொன்று புள்ளி இரண்டு. அடுத்த வாரம் பதினொன்று. டிஸ்ப்ளே இரண்டு தடவையும் பதினான்கு புள்ளி ஒன்று காட்டியது.

இப்படிப்பட்ட பெட்டிகள் பிக்கப் வண்டியின் மைலேஜைக் கூட்டுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெறும் வண்டியை, சமமான சாலையில், மெதுவான கால் உள்ளவர் ஓட்டினால் கொஞ்சம் கூடலாம். அந்தப் பெருமை காலுக்குப் போக வேண்டியது, பெட்டிக்கு அல்ல. சுமை ஏற்றி மலை ஏறுகிற வண்டிக்குக் கூடாது. யாரும் கேட்கவில்லை. பெட்டிக்காரரைத்தான் கேட்டார்கள்.

ஆனால் என் கணவர் சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்க விரும்பவில்லை. முன்பு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறிய மேட்டில் வண்டி மூன்றாவது கியரில் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொல்வார். டிஸ்ப்ளேயைப் போனில் படம் எடுத்து ஓட்டுநர்களுக்கெல்லாம் அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்துப் பன்னிரண்டு பேர் பெட்டி மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது அளவு வந்ததும் நோட்டைக் காட்டினேன்.

“டிஸ்ப்ளே பொய் சொல்லுமா?”

“சொல்லுது.”

“கம்பெனி வச்ச டிஸ்ப்ளே பொய், நீ பென்சில்ல எழுதினது நெஜம். அப்படியா?”

“நான் எழுதினது நான் அளந்தது.”

“தராசு, ஆபீஸ்ல போய்க் கடைக்காரனை மிரட்டு. என்னை விட்டுடு.”

அந்த வாரம் நாத்தனார் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். கூடம் நிறைய ஆட்கள். பேச்சு வண்டிக்கு வந்தது. என் கணவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “என் வண்டி டீசல்ல எங்க ஓடுது? இவ நோட்டுலதான் ஓடுது. நோட்டு எப்ப வேணாம்னு சொல்லுதோ அப்ப அங்கயே நின்னுடும்.”

“அப்ப நோட்டையே பானெட்டுக்குள்ள வச்சுடுங்க மச்சான்” என்றார் நாத்தனாரின் கணவர். குழந்தைகள்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் தட்டு இருந்தது, அதைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

திரும்பும் வழியில் கேட்டார், “கோச்சுக்கிட்டியா?”

“இல்லை.”

“இனிமே அந்த நோட்டை என் முன்னாடி திறக்காதே. நான் சந்தோஷமா இருக்கேன். அதையும் அளந்துடாதே.”

நான் திறக்கவில்லை. மறுவாரம் மூன்றாவது அளவு வந்தது. பதினொன்று புள்ளி ஒன்று. விதிப்படி இனி எழுதலாம். எழுதினேன், அவரிடம் சொல்லவில்லை. திறக்காதே என்றவர் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாவியைத் திருப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“தராசு, இன்னும் எழுபத்தொன்பது கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது. அறுபத்தாறு போதும். அங்க போய்ப் போட்டுக்கறேன்.”

ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன். “சரி” என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தது போல இருந்தது. பிறகு சிரித்துவிட்டு வண்டியை நகர்த்தினார்.

ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில், இறக்கத்தின் பதினோராவது வளைவில் அது நடந்தது. என்ன நடந்தது என்பதைப் பட்டறையில் மெக்கானிக்தான் எனக்கு விளங்க வைத்தார். உங்கள் ஆட்கள் ‘போதாத நேரம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

“நியூட்ரல்ல வந்திருக்காரும்மா. டேங்க்ல டீசல் அடிமட்டம். வண்டி மூக்கைக் கீழ வச்சு இறங்கும்போது இருக்கறதெல்லாம் முன்னாடி ஓடிடும். குழாய் காத்தைத்தான் உறிஞ்சும். இன்ஜின் அணைஞ்சுடும். கியர்ல இருந்திருந்தா சக்கரமே இன்ஜினைச் சுத்திக்கிட்டிருக்கும், பிரேக் கிடைச்சிருக்கும். நியூட்ரல்ல அணைஞ்சா பிரேக்கை ரெண்டு தடவை மிதிக்கலாம். அதுக்கப்புறம் பெடல் கல்லு. ஸ்டியரிங்கும் கல்லு.”

சாலையோரச் சுவரில் இடித்து, சுவர் பாதி உடைந்து, வண்டி நின்றுவிட்டது. கண்ணாடிகள் நிற்கவில்லை. கேபினின் பின்பக்கத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தன. அவர் போட்ட முடிச்சுகள் அவிழவில்லை, கயிறுதான் அறுந்தது. முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். “வேணாம்மா” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். வந்து உட்கார்ந்து, விதி என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். விதி என்பது அளக்காதவர்களின் சொல். பதினான்கு புள்ளி ஒன்றுக்கும் பதினொன்று புள்ளி ஒன்றுக்கும் நடுவில் இருந்தது விதி அல்ல, மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரை ஒருவர் விற்றார்.

அவரும் வந்திருந்தார். இரண்டு நாளும் எங்கள் வாசலிலேயே நின்றார். வாடகை நாற்காலிகளை அவர்தான் இறக்கினார், அவர்தான் அடுக்கினார். “கூடப் பிறந்தவனை இழந்துட்டேன் அண்ணி” என்று என்முன் அழுதார். நாற்காலியை அடுக்கும்போது கால்கள் ஒரே பக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது வந்தது துக்கம் அல்ல. அடுப்பைச் சின்னதாக எரியவிட்டது போல, ஏறாமல் இறங்காமல் எரிகிற ஒன்று. அந்தக் கோபம் ஒன்பது மாதம் அதே அளவில் இருந்தது. நான் அளந்தேன் என்றே சொல்லலாம்.

ஒரு மாதம் கழித்து அவருடைய கடைக்குப் போனேன். பட்டறைக் கொட்டகையில் பாதியை மறைத்து எடுத்த இடம். சுவரில் ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார். என் கணவர் எடுத்த படம். பதினான்கு புள்ளி ஒன்று என்ற எண். படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. கண்ணாடி கிழித்த பழைய தழும்போடு. முகத்தைத்தான் காட்டவில்லை, விரலையாவது பார்த்தேன்.

பெட்டிக்காரரின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்திருந்தாள். “அக்கா, வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்று கையைப் பிடித்தாள்.

“டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணி அளந்திருக்கீங்களா? ஒரு தடவையாவது?” என்று அவரைக் கேட்டேன்.

“எதுக்கு அண்ணி? அதான் காட்டுதே” என்று சுவரைக் கைகாட்டினார்.

இவ்வளவு காலம் விற்கிற ஒருவர் ஒரு தடவைகூட அளக்காமல் இருப்பாரா? என் அனுபவத்தில், தராசை நன்றாக அளந்து பார்த்தவன்தான் தவறான தராசை வைத்திருப்பான். இவருக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டேன். ஆனால் அது என் யூகம். யூகத்துக்கு நாங்கள் பூட்டுப் போடுவதில்லை. சோதிக்க வேண்டும்.

வண்டியைப் பழுதுபார்த்துத் தரச் சொன்னேன். ஐந்து மாதம் ஆனது. பெட்டி மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. “இதைக் கழட்டிடவா?” என்று மெக்கானிக் கேட்டார். “இருக்கட்டும்” என்றேன். எனக்கு ஓட்டத் தெரியும், என் கணவர்தான் கற்றுக்கொடுத்தார். மலைக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கி மூன்று முறை போய்வந்தேன், இறக்கத்தில் கியரில்தான். வெறும் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. லிட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு. டிஸ்ப்ளே பதினாறு என்றது. பதினோராவது வளைவைப் போக வர ஆறு தடவை கடந்தேன். உடைந்த சுவரை இன்னும் கட்டவில்லை. இரண்டு தார் டிரம்களை வைத்து நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்.

வண்டியை விற்றுத் தரும்படி பெட்டிக்காரரைக் கேட்டேன். அந்தப் பக்க ஊரில் ஆள் இருக்கிறார், தானே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றார்.

அவர் வருவதற்கு முதல் நாள் தொட்டியிலிருந்து டீசலைக் குழாய் வைத்து ஒரு நீலப் பக்கெட்டில் வடித்தேன். நான்கு லிட்டர் தொள்ளாயிரத்தை மட்டும் மிச்சம் வைத்தேன். மலையில் வண்டி மூக்கைத் தாழ்த்தும்போது குழாய்க்கு எட்டாமல் போகும் கடைசி டீசலையும் இந்தத் தடவை கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இது நியாயமான சோதனை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதன் அமைப்பில் தவறு தெரியவில்லை. அவர் ஏமாற்றுக்காரராக இருந்தால் தன் பெட்டி காட்டும் எண்ணை நம்பமாட்டார். இந்தப் பக்கமே டீசல் போட்டுக்கொள்வார், பத்திரமாகப் போய்ச் சேருவார், அவர் யார் என்பது எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வந்தார். காபி குடித்தார். மனைவி கட்டிக்கொடுத்த கேரியரை இருக்கையில் வைத்துவிட்டு ஏறினார். இருக்கை அவருக்கு ரொம்பப் பின்னால் இருந்தது. என் கணவர் உயரம்.

“முன்னாடி தள்ளிக்கோங்க” என்றேன்.

“வேணாம் அண்ணி. அண்ணன் வச்சது அப்படியே இருக்கட்டும்” என்று நுனியில் உட்கார்ந்துகொண்டார். சட்டைக் கையால் டிஸ்ப்ளேயின் தூசியைத் துடைத்தார்.

“டீசல் கம்மியா இருக்கு. இங்கயே போட்டுக்கிட்டுப் போயிடுங்களேன்.”

“எழுபத்தெட்டு காட்டுதே அண்ணி. தாராளம்.”

“மலை ஏறணும்.”

“ஏறிட்டு இறங்கவும் செய்யறோம்ல? இறக்கத்துல நியூட்ரல். அண்ணன் ஸ்டைல்.”

“மஞ்ச விளக்கு எரியுது பாருங்க.”

“அது சும்மா பயமுறுத்தும். நம்பரைத்தான் பாக்கணும்.”

மூன்று முறை கேட்டேன், ஐயா. மூன்று முறையும் அதே பதில். அவர் குரலில் தடுமாற்றம் இல்லை, கண்ணில் கணக்கு இல்லை. தன் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைப் பார்ப்பது போல அந்த எண்ணைப் பார்த்தார். அந்த இடத்திலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. அவர் ஏமாற்றவில்லை. அவர் நம்பினார். என் கணவர் நம்பியதைப் போலவே, அதே முட்டாள்தனத்தோடு, அதே சந்தோஷத்தோடு. பூட்டுப் போட வேண்டிய தராசு அங்கே இல்லை.

“போயிட்டு வரேன் அண்ணி” என்றார்.

“சரி” என்றேன்.

இங்கிருந்து ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டருக்குப் போக ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். அந்த ஒரு மணி இருபது நிமிடமும் போன் என் மேஜையில் இருந்தது. அவருடைய எண் அதில் இருந்தது. நான் அவர் குடித்த காபி டம்ளரைக் கழுவினேன். பிறகு நோட்டை எடுத்து, ‘அவருக்குத் தெரியும்’ என்று முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘தெரியாது’ என்று திருத்தினேன்.

டிரம்களுக்கு நடுவில் கட்டிய கயிறு எந்த விதத்திலும் தடுக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். முதல் விபத்தில் சுவர் வண்டியையாவது நிறுத்தியது.

அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “ஒரே வண்டி, ஒரே வளைவு. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் ஏன்க்கா?” என்றாள். “அண்ணி என்னை நம்பி வண்டியைக் குடுத்திருக்காங்க, அதுக்குப் போய் கமிஷன் எடுப்பனான்னு சொல்லிட்டுத்தான்க்கா போனார்.” அவள் பிடியில் என் விரல்கள் மரத்துப்போயின. வாசலில் நாற்காலிகளை யாரோ தாறுமாறாக அடுக்கியிருந்தார்கள். கிளம்பும்போது நான்தான் சரியாக அடுக்கினேன்.

ஆகவே அறிக்கையை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். பெட்டிக்காரரின் சாவுக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல. நான் டீசலை அளந்து வைத்தேன். அது எங்கே தீரும் என்று எனக்குத் தெரியும். அவர் குற்றமற்றவர் என்று அவர் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன், தடுக்கவில்லை. இது என் குற்றம், முழுவதும்.

என் கணவருடைய சாவு வேறு கோப்பு. அதில் பெட்டியின் பெயரை எழுதுங்கள். அதைச் செய்தது பெட்டி.

இனி கேன். பெட்டிக்காரர் கிளம்புவதற்கு முன் வண்டியிலிருந்து வடித்த டீசல், பக்கெட்டோடு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கேனில் இருப்பது அதைவிட ஒன்பது மாதம் பழையது. அலுவலக அளவைக் கேனை வீட்டுக்கு எடுத்து வந்தது விதிமீறல், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் கணவர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரவே கணக்குப் போட்டுவிட்டேன். தொட்டியில் ஐந்து லிட்டர் அறுநூறு. லிட்டருக்குப் பதினொன்று புள்ளி ஒன்று. அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் நிற்கும். அந்த இடம் எனக்குத் தெரியும். வளைவுகள் முடிந்து சாலை சமமாகிவிடும், ஒரு பஞ்சர் கடை இருக்கிறது, மரத்தடியில் பெஞ்சு போட்டிருப்பார்கள். அவர் அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்வார். நான் ஒன்பது மணி பஸ்ஸில் போய் இறங்குவேன். ஒன்றும் பேசமாட்டேன், நோட்டைத் திறக்கமாட்டேன். கேனைச் சாய்த்து ஊற்றுவேன், அவ்வளவுதான். எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதைக்கூட எடுத்து வைத்திருந்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தும்போது குழாய்க்கு எட்டாமல் போகும் டீசல் என் கணக்கில் இல்லை. அது நான்கு கிலோமீட்டர்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அவர் எழுவதற்கு முன்பே பக்கத்துப் பங்குக்குப் போய் வரிசையில் நின்று அந்தக் கேனை நிரப்பிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். ‘தராசு, இன்னும் எழுபத்தொன்பது காட்டுது’ என்று அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியபோது, என் கையில் டீசல் வாசனை அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் துடைத்துக்கொண்டே நின்றேன்.